ஓதெலு விதைத்த களை

தானாக முளைப்பதை ஒருவர் வளர்க்க முடியுமா? வளர்த்த பிறகும் அது தானாக முளைத்ததுதானா? நாகுலகுண்டாவில் ஓதெலுவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவருக்கு அது வந்ததாகத் தெரியவில்லை. அவர் கேள்விகளைப் பெரும்பாலும் மாட்டிடம்தான் கேட்பார். அது பதில் சொல்லவில்லையென்று வருத்தப்படவும் மாட்டார்.

பெரிய மனிதர் என்று அவரைச் சொல்வதற்கில்லை. நல்ல விவசாயி என்று சொல்லவும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஊரில் எல்லோரும் பருத்தி போட்டபோது பருத்தி போட்டார், எல்லோரும் நஷ்டப்பட்டபோது நஷ்டப்பட்டார். ஊரோடு சேராமல் அவர் செய்த காரியம் ஒன்றே ஒன்று. அது குனுகு.

பண்ணைப்பூவைத்தான் அந்தத் தெலுங்குப் பக்கம் குனுகு என்பார்கள். மழை விழுந்த நிலத்தில் யாரையும் கேட்காமல் வந்து நிற்கும். சோளத்துக்கும் மிளகாய்க்கும் நடுவில் இடுப்புயரம் எழும்பி, புரட்டாசி பிறக்கிற சமயத்தில் வெள்ளியை ரோஜா நிறத்தில் தோய்த்த மாதிரி கதிர் விடும். ஆடியிலும் ஆவணியிலும் அது களை. பெண்கள் வரிசையாகக் குந்தி அதைப் பிடுங்கி வரப்பில் எறிவார்கள். மகாளய அமாவாசை வந்துவிட்டால் அதே குனுகு பூவாகிவிடும். அது இல்லாமல் பதுகம்மா எழும்பமாட்டாள். பித்தளைத் தட்டில் பூசணி இலை பரப்பி, ஆவாரம்பூ ஒரு சுற்று, குனுகு ஒரு சுற்று, சாமந்தி ஒரு சுற்று என்று கோபுரமாக அடுக்கி, உச்சியில் மஞ்சளில் பிடித்த கௌரம்மாவை வைத்து, பெண்கள் கைதட்டிச் சுற்றி ஆடிக் கடைசியில் ஏரியில் விடுகிற அம்மா அவள். சென்ற மாதம் வரப்பில் எறிந்தது இந்த மாதம் தெய்வத்துக்கு உடம்பாகிறது. இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

பூவை அடுக்குவது பெண்கள் பாடு, பறித்துக்கொண்டு வருவது ஆண்கள் பாடு. ஓதெலுவுக்கு மீசை அரும்புகிற வயதிலேயே தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சியவர்கள் அவரும் தங்கை சாரவ்வாவும். அவர் தலைச்சுமையாகக் குனுகு கொண்டுவந்து முற்றத்தில் போடுவார். அவள் கட்டுக் கட்டாகப் பிரித்து நுனியைச் சமமாக நறுக்குவாள். மற்ற வீடுகளில் குனுகைச் சாயத்தில் முக்கிப் பச்சை, நீலம் என்று ஆக்குவார்கள். சாரவ்வா சாயத்தை வீட்டுக்குள் விடமாட்டாள்.

அண்ணன் தங்கைக்குள் வருஷா வருஷம் ஒரே சண்டை. ஓதெலு அரிவாளை வீசுகிற வீச்சில் தண்டு விரல் நீளம்கூட நிற்காது.

“இவ்ளோ குட்டையா வெட்டிட்டு வந்தா நான் எதப் புடிச்சுக் கட்டுறது? உன் மீசையவா?”

“தெய்வத்துக்குப் பூதானே வேணும், தண்டு எதுக்கு?”

“உன்னை இடுப்பு வரைக்கும் வெட்டிட்டு, தலைதானே வேணும்னு சொல்லட்டுமா?”

இப்படித் திட்டிக்கொண்டே அவள் அடுக்கும் பதுகம்மா அவளுடைய மார் உயரத்துக்கு வந்துவிடும். ஏரிக்கரையில் அதைவிட உயரமானது இருக்காது. அவள் மானேரு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகும் இது மாறவில்லை. கடைசி நாள் பெரிய பதுகம்மாவுக்கு முன்னால் அண்ணன் போய்க் கூப்பிட வேண்டும், தங்கை பிறந்த வீட்டுக்கு வர வேண்டும். ஓதெலு போவார், அவள் வருவாள், வந்ததும் தண்டைப் பார்ப்பாள், திட்டுவாள். ஓதெலுவின் மனைவி லச்சவ்வா இதை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். “உங்க ரெண்டு பேருக்கும் சண்டை போடத்தான் திருவிழாவே வருது வதினா” என்பாள் நாத்தனாரிடம்.

பிறகு பருத்தி வந்தது. பருத்திக்குப் பின்னாலேயே களைக்கொல்லியும் வந்தது. குந்தி உட்கார்ந்து களையெடுக்க ஆள் தேட வேண்டியதில்லை. முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு ஒரு நடை நடந்தால் போதும். எல்லோரும் அடித்தார்கள், ஓதெலுவும் அடித்தார். வரப்பிலும் அடித்தார், வேலியோரத்திலும் அடித்தார். டப்பாவில் மருந்து மிச்சமிருந்தால் அதை வீணாக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

சில வருஷம் கழித்து, பெரிய பதுகம்மாவுக்கு முந்தின நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு போனவர் உச்சி வெயில்வரை சுற்றிவிட்டுக் கைக்கடங்கும் அளவு குனுகோடு திரும்பினார். அதுவும் மயானத்து மதிலோரம் கிடைத்தது. சாமந்தியும் சாயம் போட்ட காகிதப்பூவும் சந்தையில் வாங்கி வைத்தார். சாரவ்வா வந்து முற்றத்தைப் பார்த்தாள். தண்டு குட்டை என்று திட்டுவதற்குத் தண்டே இல்லை.

“வேலியோரத்துல கூடவா விட்டு வைக்கல, அண்ணா?”

காலையிலிருந்து அலைந்த அலைச்சல், ஊரில் எல்லோர் முன்னாலும் வெறுங்கையோடு நின்ற வெட்கம். ஓதெலு சுள்ளென்று சொன்னார்: “அது களை. களையக் கொல்லாமக் கொஞ்சுவாங்களா?”

சாரவ்வா கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். சாமந்தியைக் கூடையில் அள்ளிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “நானும் இந்த வீட்ல தானா மொளச்சவதான். அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, யாரும் தண்ணி ஊத்தி வளக்கல.”

பதுகம்மா அவள் முழங்கால் உயரத்துக்கு வந்தது. ஏரியில் விட்டாள். மறுநாள் போனாள். அடுத்த வருஷம் ஓதெலு புடவையோடு கூப்பிடப் போனபோது உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். அதற்கடுத்த வருஷம் வீட்டில் வேலை என்றாள்.

ஒன்பது நாள் திருவிழாவில் ஆறாம் நாள் பதுகம்மா கோபித்துக்கொண்டிருக்கும் நாள். அன்று யாரும் பூவைத் தொடமாட்டார்கள், அடுக்கமாட்டார்கள், ஆடமாட்டார்கள். ஊருக்குப் பேச இது போதாதா? பக்கத்து நிலத்துக்காரர் போசாலு ஓதெலுவுக்கு முறையில் மைத்துனர். கேலி செய்ய உரிமை உள்ளவர், அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்காதவர்.

“நம்ம அம்மா ஒரு நாள்தான் கோவிச்சுக்குறா. உன் தங்கச்சி வருஷக்கணக்குல கோவிச்சுக்குறாளே பாவா. எந்த அம்மா பெரிய அம்மா?”

ஓதெலு பீடியைக் கீழே போட்டு மிதித்தார். அந்தத் தை மாதமே போய் விதை தேடினார்.

ரயில் பாதையோரம் காய்ந்து நின்ற கதிர்களைத் துண்டில் கட்டிக்கொண்டு வந்து முறத்தில் கசக்கினார். கடுகைவிடச் சின்னதாய், கறுப்பாய், எண்ணெய் தடவியதுபோல மினுக்கும் விதை. தொழுவத்துக்குப் பின்னால் கிணற்றை ஒட்டி ஒரு துண்டு நிலத்தை அதற்கென்று ஒதுக்கினார். வாழ்நாளில் அவருக்குத் தெரிந்த மரியாதை பருத்திக்குச் செய்த மரியாதைதான். குனுகுக்கும் அதையே செய்தார். ஆழ உழுதார். விதையைக் குழியில் போட்டு மண்ணை மூடினார். எரு கொட்டினார், உரம் வைத்தார், நாள் தவறாமல் கிணற்று நீர் பாய்ச்சினார். முக்கால்வாசி விதை மண்ணுக்குள்ளேயே கிடந்துவிட்டது, வெளிச்சம் பட்டால்தான் அது கண் திறக்கும். முளைத்த கால்வாசி ஆள் உயரம் வளர்ந்து, முறம் முறமாக இலை விட்டது. திருவிழா வந்தது, போனது. பூவைக் காணோம். தசராவுக்குப் பிறகு ஒரு மழையில் எல்லாம் ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டன.

லச்சவ்வா கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளிப் பருப்பில் போட்டுக் கடைந்து சோள ரொட்டியோடு வைத்தாள்.

“பூ கேட்டா கீரை குடுத்திருக்கா அம்மா. சாப்பிடு.”

“கிண்டலா?”

“ருசியா இருக்குய்யா. உரம் போட்ட கீரையாச்சே.”

அடுத்த வருஷம் உரத்தை விட்டார். மேலாகக் கீறின மண்ணில், மணலோடு கலந்த விதையை முதல் மழைக்கு முந்தின நாள் வீசித் தெளித்தார். தலைமயிர் போல அடர்த்தியாக வந்தது. நடுவில் கோரையும் அருகும் வந்தன. பருத்தியில் வேலை செய்ய வந்திருந்த கனகவ்வாவின் கூட்டத்திடம், “கிணத்தடித் துண்டையும் ஒரு கை பாத்துடுங்க. களையெல்லாம் சுத்தமாப் போயிடணும்” என்று சொல்லிவிட்டு, சந்தையில் மாடு பார்க்கப் போய்விட்டார்.

மாலையில் திரும்பினால் கிணற்றடி சுத்தமாக இருந்தது. குனுகெல்லாம் வரப்பில் குவியலாகக் கிடந்தது. துண்டுக்கு நடுவில் எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு மிளகாய்ச் செடியை மட்டும் பத்திரமாக விட்டு, அதன் தூரில் மண்ணும் அணைத்திருந்தார்கள்.

ஓதெலு தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“என்னா மாமா? சரியா எடுக்கலையா?” என்றாள் கனகவ்வா.

“குனுகைப் புடுங்கிட்டீங்களேம்மா!”

“களையெடுக்கச் சொன்னே, எடுத்தோம்.”

“அதுதான் பயிரு!”

கனகவ்வா அவரைப் பார்த்தாள், குவியலைப் பார்த்தாள், மற்றவர்களைப் பார்த்தாள். முதலில் ஒருத்தி முந்தானையால் வாயை மூடினாள். அப்புறம் யாரும் மூடவில்லை.

“இந்தக் கை குனுகைப் பாத்தா நிக்காது மாமா. தாலி கட்டுறதுக்கு முன்னாடியிருந்து புடுங்குது. நீயாவது ஒரு பலகை எழுதி வெச்சிருக்கக் கூடாதா, இங்க களைதான் பயிருன்னு?”

“எங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும்? எழுதி வெச்சிருந்தாலும் புடுங்கித்தான் இருப்போம்” என்றாள் இன்னொருத்தி. மறுபடி சிரிப்பு. ஓதெலுவாலும் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. போகும்போது கனகவ்வா குவியலிலிருந்து வேர் காயாத செடிகளாகப் பொறுக்கி, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவற்றில் ஏழெட்டு பிழைத்தன. அந்த ஏழெட்டின் விதைதான் பிறகு வந்தவை எல்லாம்.

மூன்றாம் வருஷம் அவருக்குப் பிடி கிடைத்தது. கிடைத்தது என்றால் பெரிய ரகசியம் எதுவுமில்லை. கையை எங்கே மடக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான். முதல் மழையில் தெளித்து, மண்ணை மூடாமல் வேப்பங்கிளையால் லேசாக வருடி விட்டார். நாலு இலை வந்ததும் சாணுக்கு ஒன்றாகக் கலைத்துவிட்டார். களையை இன்னொருவர் கையில் கொடுக்காமல் தானே எடுத்தார். குனுகுக்கு நடுவில் களையெடுப்பது, தெரிந்தவர் கூட்டத்தில் திருடனைத் தேடுகிற மாதிரி. முழங்கால் உயரத்தில் நுனியைக் கிள்ளினார், ஒரு கதிர் விட வேண்டிய செடி பக்கத்துக்குப் பக்கம் கிளைத்துக் கதிர் விட்டது. எரு இல்லை. இலை துவண்டால் மட்டும் தண்ணீர். தன் நிலத்தில் மருந்தடிப்பதைக் கிணற்றுப் பக்கம் நிறுத்தினார். போசாலுவிடமும் போய் நின்றார்.

“இந்தப் பக்கம் காத்து வீசறப்ப மருந்தடிக்காதே.”

“காத்துகிட்ட போய்ச் சொல்லு பாவா.”

“சொல்லிட்டேன். அது சரின்னுது. நீதான் பாக்கி.”

போசாலு சிரித்துவிட்டார். அதன்பின் காற்றைப் பார்த்துத்தான் அடித்தார்.

புரட்டாசியில் கிணற்றடி முழுக்க வெள்ளியும் ரோஜாவுமாக அசைந்தது. ஓரத்தில் நன்றாக வந்த செடிகளாகப் பார்த்து, விதைக்கென்று சிவப்பு நூல் கட்டி விட்டார். பிறகு ஒரு காலை அரிவாளோடு இறங்கி, ஒரு கட்டு வெட்டி, துண்டால் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். கூப்பிட்டு வராதவள், பூவைப் பார்த்தாலாவது வருவாள் என்று நினைத்தார். இந்த வருஷமும் வரவில்லையென்றால் பிறகு கூப்பிட முகமில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

பஸ்ஸில் ஏறினதிலிருந்தே பெண்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தி, “அண்ணா, இன்னிக்கா?” என்றாள். “ஆமாம், இன்னிக்குத்தான்” என்றார் அவர்.

சாரவ்வா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்தாள், தோளில் இருந்த கட்டைப் பார்த்தாள். முறம் அப்படியே நின்றது.

“இன்னிக்கு என்ன நாளு, அண்ணா?”

“ஏன்?”

“ஆறாம் நாளு. அம்மா கோவத்துல இருக்கிற நாளு. ஊரே பூவைத் தொடாம உக்காந்திருக்கு. இன்னிக்குப் பாத்து ஒரு தோள் பூவோட ஆத்தைத் தாண்டி வந்து நிக்குறியே!”

ஓதெலுவுக்குத் தோளில் இருந்ததை இறக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. வளர்ப்பதிலேயே கண்ணாக இருந்தவர் நாளை எண்ண மறந்திருந்தார்.

“வேணா திரும்பிப் போய் நாளைக்கு வரட்டுமா?” என்றார்.

சாரவ்வாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முறத்தைக் கீழே வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டை அவர் தோளிலிருந்து அவளே இறக்கினாள். தண்டைத் தடவிப் பார்த்தாள். முழ நீளம் இருந்தது.

“வெட்டக் கத்துக்கிட்டியா?”

“வளத்துப் பாத்தாத்தான் தெரியுது, எங்க வெட்டணும்னு.”

 சாரவ்வா உள்ளே போய்ப் புடவைகளைப் பையில் எடுத்து வைத்தாள்.

கடைசி நாள் காலையில் அவளே அரிவாளோடு கிணற்றடியில் இறங்கினாள். லச்சவ்வா வரப்பில் கூடையோடு நின்றாள். சாரவ்வா வெட்ட வெட்டக் கட்டுகள் சேர்ந்தன. “இந்த வருஷம் மார் உயரம் வதினா, யார் வீட்டுதும் நம்ம பக்கத்துல நிக்காது” என்று சொல்லிக்கொண்டே பாதித் துண்டு முடித்து, மறுபாதிக்குத் திரும்பினாள். ஓதெலு வந்து முன்னால் நின்றார்.

“போதும் சாரவ்வா. இது இருக்கட்டும்.”

“விதைக்கா?”

“விதைக்கு ஓரத்துல நூல் கட்டி விட்டிருக்கேன்.”

“பின்ன யாருக்கு?”

ஓதெலு நகரவில்லை.

லச்சவ்வா கூடையைக் கீழே வைத்தாள். “ஏய்யா, உனக்குக் கிறுக்கா? வருஷம் வருஷமா யாருக்காகத் தண்ணி ஊத்தின? அவளே வந்து நிக்குறா, குடுக்க மாட்டேன்றியே!”

சாரவ்வா அரிவாளோடு நின்றாள். முன்பு ஒரு சொல் சொல்லிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போனவள். இன்னொரு சொல் அவளுக்குக் கிடைக்காமலா போகும்? அவள் அண்ணனைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இடுப்புயரத்தில் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். தானாக முளைத்தவள் என்று தான் அன்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

“மார் உயரம் வராதே அண்ணா.”

“வராது.”

அரிவாளை இடுப்பில் செருகினாள். “இடுப்பு உயரம் வரட்டும் போதும். மார் உயரத்த ஏரி வரைக்கும் தூக்க இப்ப யாரால முடியும்?”

அன்று ஏரிக்கரையில் அவளுடையதைவிட உயரமாக நாலைந்து பதுகம்மாக்கள் இருந்தன. சாயம் போடாதது அவளுடையது ஒன்றுதான்.

வெட்டாமல் விட்ட பாதி அப்படியே நின்றது. தீபாவளிக்கு வெளுத்தது, கார்த்திகையில் வைக்கோல் நிறமானது. சிட்டுகள் வந்து கதிரில் தொங்கின. ஒரு காற்று வந்து எல்லாவற்றையும் உதிர்த்தது. அடுத்த ஆவணியில் போசாலு வரப்பேறி வந்து கத்தினார்: “உன் தங்கச்சி கோவம் தீந்துது, சரி. குனுகை எதுக்குப் பாவா என் பருத்தியில விதைச்சே?”

“நான் எங்க விதைச்சேன்? காத்துகிட்ட போய்க் கேளு.”

போசாலுவின் மனைவி அந்தப் புரட்டாசியில் வேலியோரத்தில் மருந்தடிக்க விடவில்லை என்பதும் உண்மை.

சாரவ்வா அதன்பின் ஒரு வருஷம்கூடத் தவறவில்லை. அண்ணன் போய்க் கூப்பிடுவதற்கு முன்பே பையோடு வந்து இறங்கிய வருஷங்களும் உண்டு. ஓதெலுவும் வழக்கத்தை மாற்றவில்லை. உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு முதல் மழைக்கும் கிணற்றடியில் தெளித்தார், கலைத்தார், கிள்ளினார். திருவிழாவுக்குப் பாதியைத் தங்கைக்கு வெட்டக் கொடுத்தார். மறுபாதியின் முன்னால் போய் நின்றுகொண்டார். போசாலு கேட்டார், கனகவ்வா கேட்டாள், லச்சவ்வா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார்.

சாரவ்வா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். திருவிழா முடிந்து அவளை பஸ் ஏற்றிவிட வந்திருந்தார். இரண்டு பேரும் புளியமரத்தடியில் நின்றார்கள்.

“அந்தப் பாதியை எதுக்கு அண்ணா விடுறே?”

ஓதெலு சாலையைப் பார்த்தார்.

“பஸ் வருது, பையை எடு” என்றார்.

சாலையில் அப்போது பஸ் எதுவும் வரவில்லை. சாரவ்வா பையை எடுத்துக்கொண்டாள்.